ரோஜா மன்றத்திற்கு அறக்கட்டளையின் உதவி: எவ்வாறு பெறுவது?

கேள்வி (ஓசூர்):
மாடியிலும் முற்றத்திலும் ரோஜா வளர்க்கும் நாங்கள் சிறு மன்றமாகக் கூடி வருகிறோம். உள்ளூர் அறக்கட்டளை ஒன்று நிதியளிக்க முன்வந்துள்ளது. மன்றம் இன்னும் பதிவு செய்யப்படாத நிலையில், அத்தொகையை எவ்வாறு பெறுவது, எதற்குச் செலவிடுவது என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி (கோவை):
வணக்கம். முதலில் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யுங்கள். ஏழு உறுப்பினர்கள் போதும். பின்னர் மன்றத்தின் பெயரிலேயே பான் எண்ணும் வங்கிக் கணக்கும் பெறுங்கள்; செயலாளர் எவ்வளவு நல்லவராயினும், அவருடைய சொந்தக் கணக்கில் நன்கொடை வாங்குவது பின்னாளில் வம்பாகும். அறக்கட்டளையின் பணம் பொதுநலனுக்கு உரியது என்பதால், உறுப்பினர்களின் வீட்டுத் தொட்டிகளுக்கு உரம் வாங்கக் கேட்பதைவிட, பள்ளியிலோ பூங்காவிலோ எல்லோரும் காணும்படி ரோஜாப் பாத்தி அமைக்கக் கேட்பதே பொருத்தம்.

மறுமொழி (உதகை):
உடன்படுகிறேன். ஆனால் முழுத் தொகையையும் மலர்க் கண்காட்சியிலேயே கரைத்துவிடாதீர்கள். மன்றங்கள் பலவும் அதைத்தான் செய்கின்றன. எட்வர்ட் ரோஜா போன்ற வேர்ச்செடியில் (ஒட்டுக்கு அடித்தண்டாக அமையும் செடி) மொட்டுக்கட்டுதல் (வேண்டிய வகையின் மொட்டை அதில் செருகி ஒட்டுவது), கவாத்து (கிளைகளை வெட்டிச் சீராக்குதல்) ஆகியவற்றில் பயிற்சி அளித்தால் மன்றமே கன்றுகளை உருவாக்கி விற்க முடியும். இங்கு 1995இல் அமைக்கப்பட்டு, 2006இல் உலக ரோஜா சங்கங்களின் கூட்டமைப்பிடம் விருது பெற்ற அரசு ரோஜாப் பூங்காவிற்கு உறுப்பினர்களை அழைத்து வரவும் ஒரு பகுதியை ஒதுக்கலாம்.

கேட்டவர்:
மிக்க நன்றி. பாத்திக்குத் தண்ணீரும் ஆள்கூலியும் ஆண்டுதோறும் வேண்டுமே, அதையும் விண்ணப்பத்தில் சேர்க்கலாமா?

மறுமொழி (கோவை):
முதலாண்டுச் செலவை மட்டும் சேருங்கள். பிறகு சந்தாவிலிருந்தும் கன்று விற்பனையிலிருந்தும் பராமரிப்போம் என்று எழுதிக் கொடுங்கள்.