கேமரன் மலையில் காற்று மோதும் மேட்டு வீட்டுக்கு எந்தச் செடிகள் தாங்கும்?

கேள்வி: ரிங்லெட் வாசகி

வணக்கம். மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட் ஊருக்கு மேலே, தேயிலைச் சரிவின் விளிம்பில் எங்கள் வீடு இருக்கிறது. மறைப்பு ஏதும் இல்லாததால் காற்று நேராக முற்றத்தில் வந்து மோதுகிறது. ஈப்போவிலிருந்து வாங்கி வந்து நட்ட செம்பருத்தியிலும் குண்டுமல்லியிலும் காற்று வரும் பக்கத்து இலைகள் மட்டும் ஓரம் கருகிச் சுருள்கின்றன; மறுபக்கம் பசுமையாகவே இருக்கிறது. குளிரைத் தாங்கக்கூடிய செடிகள் எவை? அம்மாவுக்காக ஒரு கறிவேப்பிலைக் கன்றாவது தழைக்க வேண்டும்.

மறுமொழி: மலைத்தோட்டம்

சகோதரி, ஒரு பக்கம் மட்டும் கருகுவது காற்றின் வேலை. குளிரைக் குறை சொல்ல வேண்டாம். ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரத்தில் உள்ள நம் மலையின் தானா ராத்தா ஊரிலேயே உறைபனி விழுவதில்லை. ரிங்லெட் அதைவிடத் தாழ்வானது. வேர் உறிஞ்சித் தரும் வேகத்தைவிட விரைவாகக் காற்று இலையின் நீரை இழுத்துவிடுவதால்தான் ஓரம் காய்கிறது. ஆகவே பூச்செடிகளுக்கு முன்பு வேலியை நடுங்கள். கற்சுவர் எழுப்பிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள்; ஆனால் அடைத்த சுவரில் மோதும் காற்று மேலேறித் தாண்டி, அதன் பின்புறம் சுழன்று இறங்கும். காற்றில் ஏறத்தாழப் பாதியைக் கசியவிடும் உயிர்வேலியே அதன் வேகத்தைத் தணிக்கும். உங்கள் மண்ணில் ஏற்கெனவே நிலைத்த தேயிலையையே நெருக்கமாக நட்டுக் கவாத்து செய்து வரலாம். அதற்கு வெளியே ஒரு வரிசை பாட்டில்பிரஷ் (தூரிகை போலப் பூக்கும் மரம்) நின்றால் இன்னும் நல்லது. சில்வர் ஓக் மரம் விரைவில் வளரும் என்றாலும் அதன் கிளைகள் எளிதில் முறிவதால் கூரைக்கு அருகில் வேண்டாம்.

செடியைத் தேர்ந்தெடுக்கும் விதியைக் நம் மலையின் குனோங் பிரிஞ்சாங் சிகரத்து உச்சியிலேயே பார்க்கலாம். 2,000 மீட்டருக்கு மேலே, ஓயாத காற்றில் நிற்கும் மரங்கள் குட்டையாக, சிறிய தடித்த இலைகளோடு இருக்கின்றன. அகன்ற மெல்லிய இலையைத் தவிர்த்து, அப்படிப்பட்ட செடிகளையே தேடுங்கள்.

மறுமொழி: பிரிஞ்சாங் பூக்காரர்

மேலே சொன்னது முற்றிலும் சரி. வேலி வளரும்வரை நிழல்வலையைக் கம்புகளில் இழுத்துக் கட்டுங்கள். திறந்த பகுதிக்கு அகபாந்தஸ் பூச்செடியும் ரோஸ்மேரி மூலிகைச் செடியும் ஏற்றவை. ஆனால் ரோஸ்மேரியின் வேரில் நீர் தேங்கினால் அழுகிவிடும் என்பதால் மணல் கலந்த மேட்டுப் பாத்தி அவசியம். ஜெரேனியத்தைத் தொட்டியில் வைத்து, தொடர்மழை நாள்களில் தாழ்வாரத்துக்குள் நகர்த்திவிடுங்கள். ஹைட்ரேஞ்சியா குளிர்ச்சியை விரும்பினாலும் இலை அகன்றது. வேலியின் மறைவில் மட்டும் நடுங்கள். நம் தேயிலை மண்ணின் அமிலத்தன்மையால் அது நீலமாகப் பூக்கும்.

எதை வாங்கினாலும் சிறு கன்றாக வாங்குங்கள். வளர்ந்த செடியைக் காற்று ஆட்டி ஆட்டி, புது வேரை மண்ணில் பற்றவிடாது.

மறுமொழி: மலைத்தோட்டம்

கறிவேப்பிலையைத் தரையில் நட வேண்டாம். குளிர் நீடித்தால் அதன் வளர்ச்சி நின்றுவிடும். காலை வெயில் படும் சமையலறைச் சுவரை ஒட்டித் தொட்டியில் வைத்து, துளிர் விடாத வாரங்களில் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள். கொத்துக் கொத்தாகக் கிடைக்காவிட்டாலும் தாளிப்புக்கு வேண்டிய இலை கிடைக்கும்.