எழுத்து அட்டை, போலிச் சொல் விளையாட்டு: எப்படித் தயாரிப்பது?

கெடிலக்கரை (கடலூர்):
வணக்கம். மஞ்சக்குப்பத்தில் 6 முதல் 8ஆம் வகுப்பு வரை படிக்கும் 20 பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் சொல் விளையாட்டு நடத்த வேண்டும். 247 எழுத்துக்கும் அட்டை வெட்டினால் பாதி அட்டை பயன்படாமல் கிடக்கிறது, வேண்டிய எழுத்தோ கையில் இருப்பதில்லை. எது உண்மைச் சொல், எது போலிச் சொல் என்று கண்டுபிடிக்கிற ஆட்டத்தில், நாம் உருவாக்கும் போலியைப் பிள்ளைகள் பார்த்தவுடனே பிடித்துவிடுகிறார்கள். சொற்களை ஒளித்துவைத்துத் தேடச் சொல்லும் எழுத்துக் கட்டத்தைக் கணினியில் செய்தால், விரிதாள் ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு 5 எழுத்து என்று கணக்குச் சொல்கிறது. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாகூர் ஏரி:
அட்டையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உயிர்மெய்யை அட்டையாக வெட்டவே வேண்டாம். 3 செ.மீ. சதுர அட்டையில் அகர வரிசை மட்டும்: க, ச, ட, த, ப… உயிர்க்குறிக்குத் தனியாக 1 செ.மீ. வட்டச் சில்லு செய்து அட்டையின் மேல் வையுங்கள். சில்லில் கொம்பு, கால் போடக் கூடாது, ‘இ’, ‘ஓ’ என்று உயிரெழுத்தையே எழுதுங்கள். கொம்பு எழுத்துக்கு முன்னால் வரும், ஓகாரக் குறியோ இரண்டு பக்கமும் நிற்கும், அதனால் குறியைத் தனி அட்டையாக்கினால் வரிசை கலைந்துபோகும். புள்ளிக்கும் ஒரு சில்லு. ‘க’ அட்டை மேல் ‘ஓ’ வைத்தால் கோ, புள்ளி வைத்தால் க்.

நாலைந்து பேர் ஆடும் ஒரு பெட்டிக்கு: க, த 6 வீதம், ட, ப, ம, ன, ர 5 வீதம், ச, ற, ல, வ 4 வீதம், ய, ள, ண 3 வீதம், ந, ழ, ங 2 வீதம், ஞ 1. மொத்தம் 69. சில்லில் புள்ளி 20, உ 14, இ 10, ஆ 8, ஐ 5, மற்றவை 3 வீதம். ஔ வேண்டாம். சொல்லின் முதலில் வரும் உயிருக்குத் தனி அட்டை வேண்டும்: அ 3, மற்றவை 1 அல்லது 2. புள்ளிச் சில்லைக் குறைத்தால் ஆட்டம் நடுவிலேயே நின்றுவிடும், ‘பட்டம்’ என்ற ஒரு சொல்லுக்கே 2 போய்விடும்.

இதில் இன்னொரு வசதி உண்டு. அட்டையையும் சில்லையும் இடம் மாற்றிக் கலைக்கலாம். காடு → குடா, பாதி → பிதா, மாடி → மிடா. எழுத்தை அப்படியே வைத்துக் கலைத்தால் தமிழில் இவ்வளவு கிடைக்காது. ‘க, ட, ல்’ கொடுத்தால் புள்ளி எழுத்தும் டகரமும் முதலில் வராது என்று தெரிந்த பிள்ளை நொடியில் கடல் என்று சொல்லிவிடும்.

முத்தியால்பேட்டை வாசகர்:
போலிச் சொல் பிடிபடுவதற்குக் காரணம் அது தமிழ் வாய்க்கு ஒத்துவராததுதான். நன்னூல் எழுத்ததிகாரத்தில் இருக்கிற மூன்று செய்தியைக் கையில் வைத்துக்கொண்டால் போதும்.

முதலெழுத்து: ட, ண, ர, ல, ழ, ள, ற, ன எட்டும் முதலில் வராது. வகரம் உ, ஊ, ஒ, ஓ சேர்ந்து முதலில் வராது, ‘வூதல்’ என்று எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். கடைசி எழுத்து: வல்லின மெய் ஆறில் ஒன்றும் கடைசியில் நிற்காது, அதற்குப் பின் ஓர் உகரம் வேண்டும். நடு: இங்கேதான் எல்லோரும் தவறுகிறார்கள். க், ச், த், ப் நான்குக்கும் பின்னால் அதே எழுத்துதான் வரும். ‘லோபக்து’ என்றால் முதலிலும் தப்பு, நடுவிலும் தப்பு. (பக்தி, சக்தி வடசொல் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடலாம்.) ட், ற் இரண்டும் தன்னோடும் க, ச, ப-வோடும் சேரும்: நட்பு, முயற்சி. ர், ழ் இரட்டிக்காது. தனிக் குறிலை அடுத்தும் ஒற்றாக நிற்காது, அதனால் ‘கழ்ழு’, ‘நெழ்’ இரண்டும் ஆகாது.

ஊர்ப்பெயரை வைத்து விதியைச் சோதிக்காதீர்கள். நம் பக்கத்துப் பண்ருட்டியிலேயே ணகர ஒற்றுக்குப் பின் ரகரம் நிற்கிறது!

செய்முறை எளிது. இணங்கு, வணங்கு, பிணங்கு மாதிரி ஒரு குடும்பத்தை எடுத்து முதலெழுத்தை மட்டும் மாற்றுங்கள்: மிணங்கு. தொழுகையிலிருந்து பொழுகை. வினையாக இருந்தால் மிணங்கினான், மிணங்கும் என்று முழுதாகத் திரிய வேண்டும், அப்போதுதான் வாக்கியத்தில் வைத்துக் கேட்கலாம். மயங்கொலி இருக்கிற போலியை வாயால் சொல்லி எழுதச் சொல்லாதீர்கள். ‘பொழுகை’யில் எந்த ழு/ளு என்று தீர்மானிக்கப் பிள்ளைக்கு வழியே இல்லை, அதை அட்டையில்தான் காட்ட வேண்டும்.

உண்மைச் சொல்லும் போலிபோலவே தோன்ற வேண்டும். கடலோரப் பிள்ளைகளுக்கு ஞெண்டு (நண்டு), பரவை (கடல்), உமணர் (உப்பு வணிகர்), ஞமலி (நாய்) கொடுத்துப் பாருங்கள். பத்து அட்டையில் போலி எத்தனை என்று முன்கூட்டிச் சொல்லாதீர்கள், வாராவாரம் 3, 6, 4 என்று மாற்றுங்கள். பாதிக்குப் பாதி என்று தெரிந்துவிட்டால் கடைசி இரண்டை எண்ணியே சொல்லிவிடுவார்கள்.

கெடிலக்கரை:
மிக்க நன்றி ஐயா. ‘தெறுழ்’ என்று ஒரு போலி எழுதியிருக்கிறேன். இது பொருந்துமா?

முத்தியால்பேட்டை வாசகர்:
விதிக்குப் பொருந்தும், ழகரத்துக்கு முன் இரண்டு குறில் இருக்கிறது. ஆனால் அது உண்மைச் சொல்! சங்கப் பாட்டில் வரும் ஒரு காட்டுக்கொடி. எந்தப் போலியையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனில் (1924–1936, 6 தொகுதிகள், இணையத்திலும் தேடலாம்) பார்த்துவிட்டுத்தான் அட்டையில் எழுத வேண்டும். பேச்சில் அது வசைச்சொல் போல ஒலிக்கிறதா என்று வேறு வட்டாரத்துக்காரர் ஒருவரிடமும் கேட்டுவிடுங்கள்.

லாஸ்பேட்டை நிரலர்:
கணினி விஷயம். ‘தமிழ்’ என்பது உள்ளே த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடாக இருக்கிறது. விரிதாள் அதைத்தான் எண்ணுகிறது. குறியோ புள்ளியோ வந்தால் முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொள் என்று ஒரே ஒரு விதி எழுதினால் 3 வரும். சொல்லைத் தலைகீழாக ஒளிக்க வேண்டுமென்றால், பிரித்ததை ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்தாக வைத்த பிறகே திருப்புங்கள். பிரிக்காமல் திருப்பினால் ‘விகடகவி’கூட உடையும். தட்டச்சில் காலுக்குப் பதில் ரகரமும், ஔவுக்குப் பதில் ‘ஒள’வும் புகுந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, தேடினால் சொல் அகப்படாது.

10 × 10 கட்டத்தில் 8 சொல் போதும். காலி இடத்தை 247இலிருந்து குலுக்கி நிரப்பாதீர்கள். ‘ஙூ’, ‘ஞௌ’ வந்து விழும், அதைத் தள்ளிவிட்டு மிச்சத்தைப் பார்த்தாலே விடை தெரியும். ஒளித்த சொற்களின் எழுத்துகளையே மறுபடி தூவுங்கள், நாலில் ஒன்று புள்ளி எழுத்தாக இருக்கட்டும்.

பாகூர் ஏரி:
சொல்லேணியும் சேர்த்துக்கொள்ளுங்கள், அட்டைப் பெட்டியே போதும். ஒரு படிக்கு ஓர் எழுத்து மாறலாம்: அலை → அரை → கரை. கடல் → மடல் → மணல். மீன் → மான் போலச் சில்லு மட்டும் மாறினாலும் ஒரு படிதான் என்று ஆட்டத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் சண்டை அங்கேதான் வரும்.