எண்ணாகமம் 33: வெறும் ஊர்ப் பட்டியலில் கபாலா ஞானிகள் எதைப் பார்த்தார்கள்?

பவானிக்கரை (கோபி):
வணக்கமுங்க. யூதர்கள் தோராவை, அதாவது பைபிளின் முதல் ஐந்து ஆகமங்களை, 54 பகுதிகளாகப் பிரித்து வாராவாரம் சப்பாத் என்கிற ஓய்வுநாள் அன்று வாசித்து வருஷத்தில் முடிப்பார்கள் இல்லையா, அந்த வரிசையில் நானும் தமிழ் பைபிளில் வாசித்து வருகிறேன். ஆதியாகமம் கதையாக இழுத்துக்கொண்டு போனது. இப்போது எண்ணாகமம் 33-ல் நிற்கிறேன். எகிப்தை விட்டு வந்த இஸ்ரவேலர் ராமசேசிலிருந்து புறப்பட்டு சுக்கோத்தில் பாளயமிறங்கினார்கள், அங்கிருந்து ஏத்தாம், இப்படியே 42 பயணம், பாதி ஊரில் என்ன நடந்தது என்றுகூட இல்லை. தோராவில் ஓர் எழுத்தும் வீண் இல்லை என்கிற கபாலாக்காரர்கள், அதாவது யூத மறைஞானிகள், இதை எப்படி வாசிக்கிறார்கள்?

நொய்யல் (கோவை):
அருமையான இடத்தில் கேட்டீர்கள். இந்தப் பகுதிக்கு மசேய் என்று பேர், நம்ம ஆடி மாச வாக்கில் வரும். முதலில் கபாலாவின் முக்கிய நூலான ஸோஹார் சொல்வதைப் பிடித்துக்கொள்ளுங்க, அதுவும் எண்ணாகம விளக்கத்திலேயே இருக்கிறது: கதைகள் தோராவின் உடை, கட்டளைகள் உடம்பு, உயிர் அதற்கும் உள்ளே. உடையோடு நின்றுவிடுகிறவனுக்காக ஸோஹார் வருத்தப்படுகிறது.

18ஆம் நூற்றாண்டில் ஹசிதியம் என்கிற யூத பக்தி இயக்கத்தைத் தொடங்கிய பால் ஷேம் தோவ், இந்த 42 பயணங்களையும் ஒவ்வொரு மனுசனும் பிறப்பிலிருந்து சாவு வரை நடக்கிறான் என்றார். எகிப்தை விட்டுப் புறப்படுவதுதான் தாயின் வயிற்றை விட்டு வெளியே வருவது. அவருடைய மகள்வயிற்றுப் பேரர் சுதில்கோவ் எப்ராயிம் இதை எழுதிவைத்து இன்னும் ஒரு படி போகிறார். இறைச்சிக்கு ஆசைப்பட்டவர்கள் மாண்டு புதைந்த கிப்ரோத் அத்தாவா இருக்கிறதே, அதை அவர் ஞானத்தின் நிலையாக வாசிக்கிறார், அந்த நிலைக்கு வந்தவனிடம் ஆசையே புதைந்துபோகிறது. நடந்தது கேவலம்தான், ஆனால் அந்த ஊருக்குள்ளே வேறொன்று காத்திருந்தது என்கிறார். எனக்கு இந்த வாசிப்பு ரொம்பப் பிடிக்கும்.

அப்புறம், கபாலாவில் இறைவனுக்கு 42 எழுத்துள்ள ஒரு திருநாமம் உண்டு. பயணங்கள் அதற்கு ஈடு என்பதால், சில சபைகளில் இந்தப் பட்டியலை நடுவில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் வாசிப்பார்கள்.

காளிங்கராயன் (ஈரோடு):
நொய்யல் அண்ணா சொன்னது சரி, ஆனால் நேராக மறைபொருளுக்குத் தாவாதீங்க. முதலில் நேர்ப்பொருள், அப்புறம் குறிப்பு, விரிவுரை, கடைசியில்தான் மறைபொருள், அதுதான் மரபு. தோராவுக்கு உரை எழுதிய ராஷி சொல்வதைப் பாருங்க. வனாந்தரத்தில் இருந்த 40 வருஷத்தில், முதல் வருஷத்தில் 14, கடைசி வருஷத்தில் 8, ஆக நடுவில் 38 வருஷத்தில் 20 பயணம் மட்டுமே, மக்களை ஓயாமல் அலையவைக்கவில்லை என்கிறார். கூடவே பழைய யூத விளக்க நூலான மித்ராஷ் சொல்லும் ராஜா கதை: நோயாளி மகனைத் தூரதேசத்துக்குக் கூட்டிப்போய்க் குணமாக்கிய அப்பன் திரும்பி வரும்போது, 'இங்கே தூங்கினோம், இங்கே குளிர்ந்தது, இங்கே உனக்குத் தலை வலித்தது' என்று ஒவ்வொரு இடமாகச் சொல்லிக்கொண்டே வருகிறான். இதை மனசில் வாங்காமல் 42 எழுத்துக்குப் போனால் கணக்குதான் மிஞ்சும்.

வால்பாறைக்காரி (பொள்ளாச்சி):
ஸோஹார் 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்பெயினில் வெளிவந்தது. வாராந்திர வாசிப்பு வரிசையிலேயே பெரும்பாலும் அமைந்திருப்பதால் உங்களுக்கு வசதிதான். மூலம் அரமேயம், ஆங்கிலத்தில் 12 தொகுதியாக வந்திருக்கிறது. இன்னொன்று, பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி கொச்சி போனால் மட்டாஞ்சேரியில் 1615-ல் மறைந்த நெகேமியா மோத்தா என்ற கபாலா ஞானியின் கல்லறை இருக்கிறது. எல்லா மதத்தாரும் வந்து விளக்கேற்றுவார்கள். 1568-ல் கட்டிய பரதேசி ஜெப ஆலயமும் பக்கம்தான்.

பவானிக்கரை:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். அந்த அப்பன் கதையைப் படித்ததும், தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்துபோய் வந்தவர்கள் ராத்தங்கிய ஊர்களை ஒன்றுவிடாமல் சொல்வது ஞாபகம் வந்தது. இன்னொரு சந்தேகம்: எதுவுமே நடக்காத ஊர்களுக்கும் சுதில்கோவ்காரர் தனித்தனியாக விளக்கம் சொல்கிறாரா, இல்லை சிலதுக்கு மட்டும்தானா?