எஃப்-250 ஹைபாய் பவர் ஸ்டியரிங்: பழைய ராமைச் சரிசெய்வதா, டொயோட்டா பாக்ஸ் போடுவதா?

நாலுசக்கரம்:
ஃபோர்டு எஃப்-250 ஹைபாய் (உயரமாக நிற்கும் அமெரிக்க டிரக்), எழுபதுகளின் முதல் பாதி, ஃபோர்வீல். பவர் ஸ்டியரிங் உண்டு, ஆனால் பாக்ஸுக்குள் (ஸ்டியரிங் கியர் பெட்டி) ஹைட்ராலிக் கிடையாது. சாதாரண மேனுவல் பாக்ஸ். பிட்மேன் ஆர்ம் (பாக்ஸிலிருந்து வெளியே வரும் கை) முனையில் ஒரு கன்ட்ரோல் வால்வு. தனியாக ஒரு ஹைட்ராலிக் சிலிண்டர், அதுதான் ராம். பம்பிலிருந்து வால்வுக்கு இரண்டு ஓஸ் (எண்ணெய்க் குழாய்), வால்விலிருந்து சிலிண்டருக்கு இரண்டு. ஒழுகுவதற்கு எட்டு இணைப்பு! என் கட்சி இதுதான்: மொத்தத்தையும் கழற்றிப் போட்டுவிட்டு 1979–85 டொயோட்டா ஃபோர்வீல் பிக்கப்பின் பாக்ஸைப் போடுங்கள். அதுவும் புஷ்-புல் வகை, பிட்மேன் ஆர்ம் முன்னும் பின்னுமாக ஆடும். ஹைபாயின் டிராக் லிங்க்குக்கு (பிட்மேன் ஆர்மைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் தண்டு) வேண்டியது அதே அசைவு. ராமை ரிப்பேர் செய்வது ஓட்டைக் குடத்துக்கு அரக்கு வைக்கிற வேலை.

பட்டறை_மேசை:
எட்டு இணைப்பு என்று பயமுறுத்துகிறீர்கள், ராம் செய்யும் நல்ல காரியத்தைச் சொல்லவில்லை. சக்கரத்தைத் தள்ளும் விசை சிலிண்டரிலிருந்து நேராக ஸ்டியரிங் இணைப்புக்குப் போகிறது. பாக்ஸும் அதன் போல்ட்டுகளும் சுமப்பது கையின் விசையை மட்டும். ஹைட்ராலிக் உள்ளேயே இருக்கும் இன்டெக்ரல் பாக்ஸில் அத்தனை விசையும் செக்டர் ஷாஃப்ட் (பிட்மேன் ஆர்மைத் திருப்பும் தண்டு) வழியாக வந்து பாக்ஸ் போல்ட்டுகளில் இறங்கும். 1973–87 செவர்லே கே10 வண்டிகளில் இடப்பக்கச் சேஸிஸ் பாக்ஸ் போல்ட்டைச் சுற்றி விரிசல் விடுவது ஊரறிந்த சங்கதி. அதுவும் புஷ்-புல், அதுவும் ஒரு பக்கம் திறந்த, 'C' வடிவ சி-சேனல். ஹைபாயின் சேஸிஸும் சி-சேனல்தான் என்பதை மறந்துவிட வேண்டாம்.

கே_பத்து:
செவர்லே பேரை இழுத்ததால் வந்தேன். விரிசல் உண்மை. ஆனா அது சாகினா பாக்ஸ் (செவர்லேல வர்ற இன்டெக்ரல் பாக்ஸ்) குத்தமில்ல. பெரிய டயரைப் போட்டுட்டு, நின்ன இடத்துலயே லாக் வரைக்கும், அதாவது கடைசி வரைக்கும், ஒடிச்சா தகடு என்ன செய்யும்? பார்க்குற விதம் இது: ஒருத்தர் உள்ள உக்காந்து வண்டி நிக்கும்போது ரெண்டு பக்கமும் ஒடிக்கட்டும். இன்னொருத்தர் லைட் அடிச்சு பாக்ஸையும் சேஸிஸையும் சேர்த்துப் பாக்கணும். பாக்ஸ் மட்டும் தனியா அசைஞ்சா போல்ட் லூஸ். பாக்ஸோட சேர்ந்து தகடே மூச்சு விட்டா விரிசல். விரிசல் முனையில சின்ன ஓட்டை போட்டு நிறுத்தணும், பள்ளம் எடுத்து வெல்டு வைக்கணும், மேல தகடு ஒட்டணும். வெறும் வெல்டு மட்டும் வச்சா பக்கத்துலயே மறுபடி விடும். பாக்ஸை முன் கிராஸ்மெம்பரோட பிடிக்கிற பிரேஸும் போட்டாதான் வேலை முடிஞ்சது.

நாலுசக்கரம்:
தகடு ஒட்டுவதை நானும் மறுக்கவில்லை. டொயோட்டா பாக்ஸ் சேஸிஸின் உட்பக்கம் உட்காரும், செக்டர் ஷாஃப்ட் சேஸிஸைத் துளைத்து வெளியே வரும். ஆகவே அந்த இடத்தில் தகடு கட்டாயம். டொயோட்டா சேஸிஸ் பெட்டிபோல மூடியது. அங்கே போல்ட்டுக்குக் குழாய் வைத்திருப்பார்கள். சி-சேனலில் உள்ளே ஒரு தகடு வெளியே ஒரு தகடு வைத்து, நடுவே குழாய் செருகி வெல்டு செய்யுங்கள். இல்லையென்றால் போல்ட்டை முறுக்க முறுக்கத் தகடு நசுங்கும். பிட்மேன் ஆர்ம் டொயோட்டாவுடையதே இருக்கட்டும். ஃபோர்டு டிராக் லிங்க்கின் டேப்பர் (முனையின் கூம்புச் சரிவு) வேறு என்பதால் அதே சரிவுள்ள ரீமர் போட்டுத் துளையைப் பெரிதாக்க வேண்டும். சும்மா டிரில் போட்டால் பால் ஜாயிண்ட் ஓரத்தில் மட்டும் உட்கார்ந்து, ஆடி ஆடிக் கழன்றுவிடும்.

நம்ம பக்கத்து ஆட்களுக்கு ஒரு வார்த்தை: இந்தியாவிலோ இலங்கையிலோ கிடைக்கும் ஹைலக்ஸ் பாக்ஸ் வலப்பக்க ஸ்டியரிங்குக்கு வார்த்தது. இடப்பக்க ஹைபாயில் அது உட்காராது. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள்.

பட்டறை_மேசை:
இத்தனை வெட்டும் வெல்டும் எதற்கு? "ராம் கெட்டுப்போச்சு" என்று வருகிற புகாரில் பாதி ராமில் இல்லை. முதலில் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் வையுங்கள். நக்கிளிலிருந்து (ஆக்ஸில் முனையில் சக்கரத்தோடு திரும்பும் பாகம்) டிராக் லிங்க்கைக் கழற்றிவிட்டு டயரைக் கையால் இரு பக்கமும் தள்ளிப் பாருங்கள். ஒரே சீராகப் போக வேண்டும். எங்காவது பிடித்தால் நக்கிள் பேரிங் கதை. எந்த பவர் ஸ்டியரிங் போட்டாலும் அந்தப் பிடிப்பு இருந்தே தீரும்.

அது சரியென்றால் வால்வு. வண்டி தானாக ஒரு பக்கம் ஒடித்துக்கொண்டு போகிறதா? சக்கரம் தூக்கின நிலையிலேயே, சிலிண்டர் தண்டை அதன் முனையில் கழற்றிவிட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். தண்டு அசையாமல் நிற்க வேண்டும். தானாக நீண்டாலோ உள்ளே போனாலோ வால்வின் ஸ்பூல் (உள்ளே நகர்ந்து எண்ணெயைத் திருப்பிவிடும் உருளை) நடுவில் இல்லை என்று பொருள். (கை, தலை எதையும் அந்த வழியில் வைக்க வேண்டாம். ராமுக்கு விரலும் இரும்பும் ஒன்றுதான்.)

அடுத்தது தண்டின் மேற்பரப்பு. ரப்பர் பூட் கிழிந்து தண்ணீர் புகுந்து, குரோம் மேல் ஊசிக்குத்துபோலப் புள்ளிகள் இருந்தால் புது சீல் போட்டும் பயனில்லை, சீக்கிரமே மறுபடி ஒழுகும். அந்த நிலையில் சிலிண்டரை மாற்றுங்கள் என்று நானே சொல்வேன். தண்டு வழவழவென்று இருந்தால் சீல் செட் போதும்.

நாலுசக்கரம்:
வால்வின் பால் ஸ்டட் (பிட்மேன் ஆர்மின் அசைவை வால்வுக்குக் கொண்டுபோகும் உருண்டைத் தலை ஆணி) தேய்ந்திருந்தால்? ஸ்டட் முதலில் அந்த இடைவெளியைக் கடக்க வேண்டும், பிறகு ஸ்பூலைத் தள்ள வேண்டும், அதற்குப் பிறகுதான் எண்ணெய் போகும். நெடுஞ்சாலையில் வண்டி அலைவது அதனால்தான். இன்டெக்ரல் பாக்ஸில் வால்வு உள்ளேயே, டார்ஷன் பாரில் (முறுக்கினால் வளைந்துகொடுக்கும் மெல்லிய தண்டு) சுழல்கிறது. கை அசைந்தவுடன் திறக்கும். மேனுவல் பாக்ஸை லாக் முதல் லாக் வரை சுற்றும் கஷ்டத்தையும் கணக்கில் சேருங்கள்.

பட்டறை_மேசை:
அந்த இரண்டும் சரி. அலைச்சலில் ராம் தோற்கிறது, வீலைச் சுற்றும் கணக்கிலும் தோற்கிறது. பலத்தில் தோற்கவில்லை.

கே_பத்து:
இன்டெக்ரல் பாக்ஸ்லயும் அலைச்சல் வரும். வந்ததும் எல்லாரும் மேல இருக்குற செக்டர் ஸ்க்ரூவை முறுக்குவாங்க. பாக்ஸ் நடுவுல இருக்கும்போது மட்டும்தான் அதைத் தொடணும். பல்லு நடு இடத்துலதான் இறுக்கமா இருக்குற மாதிரி வெட்டியிருக்கான், தேயறதும் அங்கதான். நடுவுல ஆட்டம் போற வரைக்கும் முறுக்கினா ஓரத்துல பிடிக்கும், ஸ்டியரிங் தானா திரும்பி வராது. அந்த நிலைமைக்கு வந்துட்டா வேற பாக்ஸ் தேடுங்க.

சாகினா வாங்குறவங்க ஓஸ் துளையைப் பாத்து வாங்குங்க. பழசுல ஃபிளேர், 5/8, 11/16 இன்ச் மரை. 1980 வாக்குல இருந்து ஓ-ரிங், 16 மி.மீ., 18 மி.மீ. பாக்ஸ் வெளியில ஒரே மாதிரி இருக்கும். ஓஸை மாத்தி ஏத்துனா ரெண்டு சுத்து போகும், அப்புறம் மரை நாசம்.

ஆம்பியர்:
இரண்டு பேருக்கும் நடுவே ஒரு யோசனை. மேனுவல் பாக்ஸ் அப்படியே இருக்கட்டும், கார் ஒன்றின் எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் காலத்தை (மோட்டாரோடு வரும் ஸ்டியரிங் தண்டுத் தொகுதி, column) போட்டால்? ஓஸும் இல்லை, ஒழுகலும் இல்லை.

பட்டறை_மேசை:
மோட்டாரின் விசை முழுவதும் ஸ்டியரிங் ஷாஃப்ட் வழியாகப் பழைய பாக்ஸின் வோர்மில் (உள்ளே இருக்கும் திருகுப் பல்) இறங்கும். கைக்கு என்று செய்த பாக்ஸ் அது. சின்னக் காருக்கான மோட்டாரை நம்பி, முக்கால் டன் டிரக்கின் முன் ஆக்ஸிலை நின்ற இடத்தில் ஒடிக்க நான் சொல்ல மாட்டேன்.

நாலுசக்கரம்:
இதில் நானும் உங்கள் பக்கம்தான்.

பம்பைப் பற்றி யாரும் பேசவில்லை. அழுத்தம் பலத்தைத் தரும். எண்ணெயின் அளவு வேகத்தைத் தரும். வேகமாக ஒடித்தால் நடுவில் கல்லில் முட்டியதுபோல நிற்கிறதா, எண்ணெய் போதவில்லை. விரல் பட்டாலே ஓடுகிறதா, அளவு மிஞ்சிவிட்டது. ஃபோர்டு பம்பை டொயோட்டா பாக்ஸோடு சேர்ப்பவர்கள் இதை ஓட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பாக்ஸைக் குறை சொல்லும் முன் பம்புக்கும் பாக்ஸுக்கும் நடுவில் வால்வுள்ள பிரஷர் கேஜை மாட்டுங்கள். வால்வை மூடி ஐந்து விநாடிக்குள் படித்துவிட்டுத் திறந்துவிடுங்கள். அதற்கு மேல் மூடினால் பம்ப் கருகும். மூடியபோது அழுத்தம் ஏறி, திறந்து லாக்கில் ஒடிக்கும்போது ஏறவில்லை என்றால் கசிவு பாக்ஸுக்குள். இரண்டிலும் ஏறவில்லை என்றால் பம்ப், அல்லது பெல்ட் வழுக்கல்.

கே_பத்து:
எந்த கட்சியா இருந்தாலும் காத்து எடுக்குறது ஒண்ணுதான். சக்கரம் தூக்கி, இன்ஜின் ஆஃப்ல, லாக்குலருந்து லாக்குக்கு இருபது தடவையாவது மெதுவா ஒடிங்க, எண்ணெய் குறையக் குறைய ஊத்துங்க. ஸ்டார்ட் பண்ணிட்டு காத்து எடுத்தா நுரை கட்டும். அப்புறம் அடங்குற வரைக்கும் காத்திருக்கணும்.

பட்டறை_மேசை:
சரி, நான் எங்கே நிற்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். கம்பெனி அளவு டயர், தண்டு நல்ல நிலை, சேஸிஸில் துளை போட மனமில்லை: ராமை வைத்துக்கொள்ளுங்கள். தினமும் நெடுஞ்சாலை ஓட்டம், வால்வும் சிலிண்டரும் இரண்டும் போய்விட்டன: பாக்ஸ் போடுங்கள். 35 இன்ச் டயர் என்றால் டொயோட்டா பாக்ஸுக்கு என் ஓட்டு கிடையாது. சின்ன பிக்கப்புக்குச் செய்த செக்டர் ஷாஃப்ட் அது.

நாலுசக்கரம்:
35-க்கு நானும் வாதாட மாட்டேன். 33 வரை தாராளமாக.

போடுபவர்களுக்கு: பாக்ஸை லாக் முதல் லாக் வரை எண்ணி, சரிபாதியில் நிறுத்தி, டயரை நேராக வைத்து, அதற்கேற்ப டிராக் லிங்க்கின் நீளத்தை அமையுங்கள். ஒடிக்கும்போது நக்கிளின் ஸ்டாப் போல்ட் முதலில் தட்ட வேண்டும், பாக்ஸின் உள்முனை அல்ல. ஓட்டிப் பார்த்த பிறகு ஸ்டியரிங் வீல் கோணலாக நின்றால் வீலைக் கழற்றி நேராக மாட்டிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் பாக்ஸ் நடுவிலிருந்து தள்ளியே ஓடும், நேர் ஓட்டத்தில் ஆட்டம் தெரியும். டிராக் லிங்க்கின் கிளாம்பைத் தளர்த்தி அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருகிச் சரிசெய்யுங்கள்.