56 சதவீதம்: ஜாஷ் ஆலனை அன்று சந்தேகப்பட்டவர்கள் முட்டாள்களா?

பஃபலோ_பனி:
அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டுக்கு, அதாவது 2018 டிராஃப்ட்டுக்கு, முன்னால் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஜாஷ் ஆலனைப் பற்றி எழுதியதையெல்லாம் நேற்று தேடி எடுத்துப் படித்தேன். சிரித்து மாளவில்லை. வயோமிங் கல்லூரியில் அவன் எறிந்த பாஸ்களில் 56 சதவீதம்தான் கைசேர்ந்தது, இவன் தேறவே மாட்டான் என்று ஒரு பெரிய கூட்டமே அடித்துச் சொல்லியிருக்கிறது. எங்கள் பஃபலோ பில்ஸ் அணி அவனை ஏழாவது பிக்கில் (தேர்வு முறையில்) எடுத்தது. 2024 சீசனின் எம்விபி (மிகச் சிறந்த ஆட்டக்காரர்) யார்? அதே ஆலன்.

என் கட்சி இதுதான்: கல்லூரிப் புள்ளிவிவரத்தை வைத்துக் குவாட்டர்பேக்கை எடைபோடுவது வீண்வேலை. கை பலம், உடம்பு, ஓட்டம் மூன்றையும் பார்த்து எடுங்கள். மற்றதைக் கோச் சொல்லிக்கொடுப்பார். கணக்குப்பிள்ளை சார், இதைப் படித்துவிட்டு உங்களால் சும்மா இருக்க முடியாது என்று தெரியும். வாருங்கள்.

கணக்குப்பிள்ளை:
வந்துவிட்டேன். ஆலன் ஜெயித்ததை யாரும் மறுக்கவில்லை. அவரைப் போலவே வந்து காணாமல் போனவர்களை நீங்கள் ஏன் எண்ணுவதில்லை என்பதுதான் என் கேள்வி.

2003-இல் கைல் போலர். கல்லூரியில் அவருடைய சதவீதம் ஐம்பதையே தொடவில்லை. ஆனால் மைதானத்தின் நடுவில் முழங்காலிட்டு, கோல்போஸ்ட் கம்பங்களுக்கு நடுவே பந்தை அனுப்புவார் என்று ஸ்கவுட்டுகள் (அணிகளுக்கு ஆள் தேடுபவர்கள்) வாய் பிளந்தார்கள். பால்டிமோர் ரேவன்ஸ் அணி 19-ஆவது பிக்கைக் கொடுத்தது. அந்தக் கையால் என்ன பயன் வந்தது? 2011-இல் ஜேக் லாக்கர்: டைட்டன்ஸ், எட்டாவது பிக், கல்லூரியில் 54 சதவீதம், நான்கே சீசனில் ஓய்வு. 2016-இல் கிறிஸ்டியன் ஹேக்கன்பெர்க்கை ஜெட்ஸ் இரண்டாம் சுற்றில் எடுத்தது. ஒரு லீக் ஆட்டத்தில்கூட அவர் இறங்கவில்லை. 2023-இல் ஆந்தனி ரிச்சர்ட்சன், நான்காவது பிக். ஃபுளோரிடாவில் கடைசி ஆண்டு 53.8. கோல்ட்ஸுக்குப் போய் 2024-இல் 47.7. அவரை எடுத்தபோது எல்லோரும் யாரை உதாரணம் காட்டினார்கள் தெரியுமா? உங்கள் ஆலனைத்தான்.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

புதுசு:
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். நான் இந்த ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தே இரண்டு வருடம்தான், அதுவும் சென்னையில் விடியற்காலை அலாரம் வைத்து. பாஸைப் பிடிக்க வேண்டிய ரிசீவர் பந்தைக் கைநழுவ விட்டாலும் குவாட்டர்பேக் கணக்கில்தானே குறைகிறது? அப்புறம் அந்தச் சதவீதத்தை வைத்து ஒருவரை எப்படி எடைபோட முடியும்?

பழைய_ரீல்:
தம்பி சரியான இடத்தில் கைவைத்திருக்கிறார். அந்த எண்ணுக்குள் பல சங்கதி கலந்திருக்கிறது. ஸ்னாப்பில் பந்து கைக்கு வந்தவுடனே பக்கத்தில் நிற்கிறவனுக்குக் கொடுக்கும் இரண்டு கெஜப் பாஸும் ஒன்று, மூன்று பேர் பாய்ந்து வரும்போது இருபத்தைந்து கெஜத்துக்கு எறிவதும் ஒன்று. ஓக்லஹோமாவில் பேக்கர் மேஃபீல்ட் 2017-இல் 70.5 சதவீதம் வைத்திருந்தார். நல்ல ஆட்டக்காரர்தான், அந்த வருடம் கல்லூரியின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதும் வாங்கினார். ஆனால் அங்கே ரிசீவர்கள் ஆளில்லாத இடத்தில் நிற்பார்கள். வயோமிங்கில் அப்படி யாரும் நிற்கவில்லை. 2016-இல் ஆலனோடு ஆடிய முக்கிய ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்), ரிசீவர், டைட் எண்ட் (தடுக்கவும் பிடிக்கவும் செய்பவர்) மூவருமே அடுத்த வருடம் இல்லை.

நான் அப்போது கிடைத்த வயோமிங் ஆட்டங்களையெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பார்த்தவன். என் மனைவி இன்றும் சொல்லிக் காட்டுவாள். ஆலன் தவறவிட்ட பாஸ்களில் கணிசமானவை காலால் கெட்டவை. பாதம் ஊன்றுவதற்குள் கையை மட்டும் நம்பி எறிந்துவிடுவான், பந்து தலைக்கு மேல் பறக்கும். அது திருத்தக்கூடிய குறை. எங்கே எறிவது என்பதே தெரியாதவனைத் திருத்துவதுதான் கஷ்டம்.

கணக்குப்பிள்ளை:
திருத்தக்கூடியது என்பது திருந்திய பிறகு சொல்வது. 2018 ஏப்ரலில் கையில் இருந்தது என்ன? ஆலன் பெரிய கல்லூரி லீக் (கான்ஃபரன்ஸ்) அணிகளை எதிர்த்தது மொத்தம் மூன்றே ஆட்டம்: நெப்ராஸ்கா, ஐயோவா, ஒரேகன். மூன்றிலும் சேர்த்து ஒரு டச்டவுன் (எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுக்கும்) பாஸ், எட்டு இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்த பாஸ்). மூன்றிலும் வயோமிங் தோற்றது. இதையும் கூட்டாளிகள் தலையில் கட்டிவிடுவீர்களா?

சிகாகோ_சாபம்:
கணக்குப்பிள்ளை, உங்கள் சதவீதத்தை நம்பிப் பாழான ஊர்க்காரன் பேசுகிறேன். 2017. நார்த் கரோலினாவின் மிட்ச் ட்ரூபிஸ்கி, கடைசி சீசனில் 68 சதவீதம், 30 டச்டவுன், 6 இன்டர்செப்ஷன். டெக்சாஸ் டெக்கின் பேட்ரிக் மஹோம்ஸ், 65.7. அதுவும் ஐந்தில் ஜெயித்து ஏழில் தோற்ற அணி. எண்ணைப் பார்த்தால் எங்கள் ஆள்தான் மேல். எங்கள் சிகாகோ பேர்ஸ் அணி மூன்றாவது இடத்திலிருந்து இரண்டாவதுக்கு, ஒரே ஒரு படி ஏறுவதற்கு, கூடுதலாக மூன்று பிக் கொடுத்து ட்ரூபிஸ்கியை எடுத்தது. மஹோம்ஸ் பத்தாவதாகக் கன்சாஸ் சிட்டிக்குப் போனார். அப்புறம் நடந்ததை நான் எழுத மாட்டேன். இரத்தக் கொதிப்பு இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
உங்கள் வலி புரிகிறது. ஆனால் ஒற்றை எண்ணைப் பார்க்கச் சொன்னது யார்? ட்ரூபிஸ்கி கல்லூரியில் முதலிலிருந்தே களமிறங்கித் தொடங்கிய ஆட்டங்கள் 13. அந்த 68 சதவீதம் ஒரே சீசனுடையது. சோற்றுப் பானையில் ஒரு பருக்கை போதும், குவாட்டர்பேக்குக்குப் போதாது. ரிச்சர்ட்சன் தொடங்கியதும் 13-தான். 2021-இல் 49-எர்ஸ் அணி மூன்று முதல் சுற்று பிக்குகளைக் கொட்டி மூன்றாவது இடத்துக்கு ஏறி ட்ரே லான்ஸை எடுத்தது. அவருக்கு 17. அடுத்த வருடம் அதே அணி, டிராஃப்ட்டின் கடைசிப் பெயராக, 262-ஆவது பிக்கில், ஐயோவா ஸ்டேட்டின் பிராக் பர்டியை எடுத்தது. 46 ஆட்டம் தொடங்கியவர். 2024 பிப்ரவரியில் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலுக்கு அணியைக் கொண்டுபோனது லான்ஸா, பர்டியா?

சிகாகோ_சாபம்:
அப்படியானால் கென்னி பிக்கெட்? பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஐம்பது ஆட்டத்தை ஒட்டித் தொடங்கியவர். ஸ்டீலர்ஸ் 20-ஆவது பிக் கொடுத்து எடுத்து, இரண்டே சீசனில் தள்ளிவிட்டது.

கணக்குப்பிள்ளை:
பிக்கெட் எனக்கு எதிரான சாட்சிதான், ஒப்புக்கொள்கிறேன். நிறைய ஆட்டம் ஆடியவரைப் பற்றி நமக்கு நிறையத் தெரியும், அவ்வளவுதான். தெரிந்தது நல்லதாகத்தான் இருக்கும் என்று நான் சொல்லவில்லை.

பஃபலோ_பனி:
அப்பாடா, ஒருமுறையாவது இறங்கி வந்தீர்கள்!

ஊதா_காகம்:
எல்லோரும் ஆலனையே சுற்றுகிறீர்கள். அதே டிராஃப்ட்டில் லமார் ஜாக்சன் இருந்தாரே. லூயிவில்லில் அவருடைய மொத்தச் சதவீதம் 57. ஆலனுக்கும் அவருக்கும் ஒரு புள்ளிதான் வித்தியாசம். லமாரிடம் 2016 ஹைஸ்மன் விருது வேறு. ஆனால் ஆலனுக்கு 56 என்றால் 'பொறுமையாகச் செதுக்கலாம்' என்றார்கள், லமாருக்கு 57 என்றால் 'ரிசீவராகப் போகட்டும்' என்றார்கள். பில் போலியன் போன்ற பழுத்த நிர்வாகியே வெளிப்படையாக அப்படிச் சொன்னார். 2019-இல் தான் சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டார், அது வேறு விஷயம்.

இது எண்ணின் குற்றமா, ஆட்டப் படத்தைப் பார்த்தவர்களின் குற்றமா? கறுப்பினக் குவாட்டர்பேக்கை இடம் மாறச் சொல்வது அந்த ஊரின் பழைய வியாதி. 1978-இல் வாரன் மூனை எந்த அணியும் எடுக்கவில்லை. கனடாவுக்குப் போய் அந்த நாட்டு லீகின் கோப்பையான கிரே கப்பை ஐந்து முறை ஜெயித்துவிட்டுத்தான் என்எஃப்எல்லுக்குள் வர முடிந்தது. பழைய_ரீல் அண்ணா, ஆட்டத்தை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பவர்களின் கண்ணும் முன்கூட்டியே ஒன்றை நினைத்துக்கொண்டுதான் பார்க்கிறது.

பழைய_ரீல்:
மறுக்க மாட்டேன். பாக்கெட்டில் (தடுப்பவர்களின் வளையத்துக்குள்) நின்று எறியும் லமாரின் நிதானம் படத்திலேயே இருந்தது. ஓட்டத்தைப் பார்த்து மயங்கியவர்கள் அதைக் கவனிக்கவில்லை. நானும் முழுதாகக் கவனிக்கவில்லை.

ஆனால் உங்கள் ரேவன்ஸுக்கும் அதே கண்தான் இருந்தது. 25-ஆவது பிக்கில் ஹேடன் ஹர்ஸ்ட் என்ற டைட் எண்டை எடுத்துவிட்டு, பிறகு ஈகிள்ஸிடம் பேரம் பேசி 32-இல் லமாரை எடுத்தார்கள். அவர்கள் செய்த பெரிய காரியம் எடுத்த பிறகு செய்தது. 2019-இல் ஆட்ட முறையையே அவருக்காகத் திருப்பிப் போட்டார்கள். 1,206 கெஜம் ஓட்டம், 36 டச்டவுன் பாஸ், ஒருமித்த வாக்கில் எம்விபி.

பையனின் ஜாதகத்தை மட்டும் அலசுகிறோம், போய்ச்சேரும் வீட்டைப் பார்ப்பதில்லை. அதே 2018-இல் குவாட்டர்பேக் ஜாஷ் ரோசன் பத்தாவது பிக், அரிசோனா. சீசன் நடுவில் ஆஃபென்ஸ் (தாக்குதல் ஆட்ட) கோச்சை வெளியே அனுப்பினார்கள். முடிந்ததும் தலைமைக் கோச்சையும் அனுப்பினார்கள். 3 வெற்றி, 13 தோல்வி. அடுத்த டிராஃப்ட்டில் முதல் பிக்கில் இன்னொரு குவாட்டர்பேக் கைலர் மரியை எடுத்துவிட்டு ரோசனை மியாமிக்குத் தள்ளினார்கள். மூன்றாவது பிக் சாம் டார்னால்ட் ஜெட்ஸில் பட்டபாடு தெரியும். பேட்ரியட்ஸுக்கு எதிரே 33-0 அடிவாங்கிய ராத்திரி, கண்ணுக்குப் பேய்கள் தெரிகின்றன என்று அவர் சொன்னது மைக்கில் பதிவாகி ஊரெல்லாம் கேட்டது. அதே டார்னால்ட் 2024-இல் வைக்கிங்ஸுக்கு 14 வெற்றி வாங்கிக் கொடுத்தார். ஆள் ஒன்றுதான்.

புதுசு:
அப்போது ஆலனுக்கும் பில்ஸ் நல்ல வீடாக அமைந்ததுதான் காரணமா?

பஃபலோ_பனி:
ஆரம்பத்தில் நல்ல வீடு ஒன்றும் இல்லை தம்பி! 2018 முதல் ஆட்டத்தில் நேதன் பீட்டர்மன்தான் தொடங்கினார். பால்டிமோரில் 47-3 என்று தோற்றோம், பாதியிலேயே ஆலனை இறக்கினார்கள். அந்த வருடம் அவனுடைய சதவீதம் 52.8. அடுத்த வருடம் 58.8. எங்கள் ஆட்களே முணுமுணுத்தார்கள். நான் முணுமுணுக்கவில்லை என்று சொன்னால் பொய்.

2020 தொடக்கத்தில் ரிசீவர் ஸ்டெஃபான் டிக்ஸை வாங்கினார்கள். ஆஃபென்ஸ் கோச் பிரையன் டேபல் முதல் வருடத்திலிருந்தே மாறவில்லை. அந்த சீசனில் 69.2. கணக்குப்பிள்ளை சார், இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கணக்குப்பிள்ளை:
எழுதிவைத்திருக்கிறேன், இரண்டு வருடத்தில் 16 புள்ளிக்கு மேல். அவ்வளவு அபூர்வமாக நடப்பதை வழக்கமாக நினைத்துத்தான் கோல்ட்ஸ் ரிச்சர்ட்சனை எடுத்தது. அப்புறம், உங்கள் முதல் பதிவில் 'மற்றதைக் கோச் சொல்லிக்கொடுப்பார்' என்றீர்கள். இப்போது டேபலும் டிக்ஸும் மூன்று வருடப் பொறுமையும் வேண்டியிருந்தது என்கிறீர்கள். அதெல்லாம் கிடைக்காத அணி என்ன செய்யும்?

பஃபலோ_பனி:
சரி, அதில் கொஞ்சம் வேகமாகப் பேசிவிட்டேன். ஆனால் சுற்றிவளைக்காமல் ஒன்று சொல்லுங்கள். 2018 ஏப்ரல் 26. ஏழாவது பிக் உங்கள் கையில். மேஃபீல்டும் டார்னால்டும் போய்விட்டார்கள். அன்று தெரிந்ததை மட்டும் வைத்து, ஆலனை எடுத்திருப்பீர்களா?

கணக்குப்பிள்ளை:
மாட்டேன். ரோசனை எடுத்திருப்பேன்.

சிகாகோ_சாபம்:
ஆகா! இனி என் இரத்தக் கொதிப்பு குறையும்.

பஃபலோ_பனி:
இதைப் பிரேம் போட்டு மாட்டப்போகிறேன். பழைய_ரீல் அண்ணா, வயோமிங் ஆட்டங்களையெல்லாம் பார்த்த உங்கள் பட்டியலில் ஆலன்தானே முதல்?

பழைய_ரீல்:
அந்த நோட்டு இன்னும் அலமாரியில் இருக்கிறது. இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். ஆலன் நாலாவது. முதல் பெயர் ரோசன், பக்கத்தில் இரண்டு நட்சத்திரம் வேறு போட்டு வைத்திருக்கிறேன்.