மருத்துவ விடுப்பு முடிந்து திரும்பியதும் பிஐபி: டெக்சாஸில், எச்-1பி வேலை விசாவில் இருப்பவர் என்ன செய்யலாம்?

கொங்குப்பெண் (இர்விங், டெக்சாஸ்):

வணக்கம். டாலஸ் பக்கம் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் சில ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பிப்ரவரியில் முதுகில் டிஸ்க் அறுவை சிகிச்சை. அதற்கு எஃப்எம்எல்ஏ (குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம்) விடுப்பு கேட்டேன். எழுத்து மூலம் ஒப்புதல் தந்தார்கள். டிசம்பர் மதிப்பீட்டில் என்னைப் புகழ்ந்து எழுதிய அதே மேலாளர், நான் திரும்பிய வாரமே என் குழுவை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டார். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும், "நீங்கள் இல்லாததால்தான் மார்ச் வெளியீடு தள்ளிப்போனது" என்றார். நேற்று 30 நாள் பிஐபி கடிதம், அதாவது அதற்குள் வேலையில் முன்னேற்றம் காட்ட வேண்டும் என்ற 'செயல்திறன் மேம்பாட்டுத் திட்டம்', கைக்கு வந்தது. "முதல் காலாண்டில் தேவைப்பட்ட நேரத்தில் இருக்கவில்லை" என்று அதில் ஒரு வரி. அந்தக் காலாண்டில் நான் படுக்கையில் இருந்தேன்!

தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்ததையும் கண்டுகொள்ளவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். வேலை போனால் விசாவும் போகும் என்பதால், வாயைத் திறக்காதே என்கிறார்கள் நண்பர்கள். அதுதான் வழியா?

மதுரைக்காரன் (ஆஸ்டின்):

கையெழுத்துப் போட மறுக்காதீர்கள்; அதையே ஒழுங்கீனம் என்பார்கள். "பெற்றுக்கொண்டேன், இதன் உள்ளடக்கத்தை ஏற்கவில்லை" என்று பக்கத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள். அலுவலகக் கோப்புகளைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்புவது மட்டும் வேண்டாம். அதைக் காரணம் காட்டியே வெளியேற்றிவிடுவார்கள்.

வாசுகி (ஹூஸ்டன்):

சகோதரி, வாயைத் திறக்க வேண்டும், அதுவும் எழுத்தில். புற்றுநோய் சிகிச்சை முடிந்து திரும்பியபோது எனக்கும் இதே கதி. அன்று என்னைக் காப்பாற்றியது நான் மனிதவளத் துறைக்கு அனுப்பிய ஒரு பக்க மின்னஞ்சல்தான். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

1993-ஆம் ஆண்டின் அந்த எஃப்எம்எல்ஏ சட்டம் 12 வார விடுப்போடு நின்றுவிடவில்லை. திரும்பி வரும்போது அதே வேலையையோ, சம்பளத்திலும் பொறுப்பிலும் அதற்கு இணையான வேலையையோ தர வேண்டும். விடுப்பு எடுத்ததை மதிப்பீட்டிலோ ஒழுங்கு நடவடிக்கையிலோ உங்களுக்கு எதிராகக் கணக்கில் எடுக்கக் கூடாது. விதிமுறையிலேயே இது வெளிப்படையாக இருக்கிறது. முதல் காலாண்டைப் பற்றிய அந்த ஒரு வரி உங்கள் கையில் கிடைத்த ஆயுதம். கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள்.

இன்றிரவே எழுதுங்கள். டிசம்பர் மதிப்பீடு, விடுப்பு ஒப்புதல், திரும்பிய தேதி, குழு கைமாறிய தேதி, கூட்டத்தில் அவர் சொன்ன சொற்கள், அங்கே இருந்தவர்கள் என்று தேதி வாரியாக இருக்கட்டும். அழுகையும் ஆவேசமும் வேண்டாம். கடைசியில், "பாதுகாக்கப்பட்ட விடுப்பை எடுத்ததற்கான பழிவாங்கலாகவே இதைக் கருதுகிறேன்; விசாரிக்கக் கோருகிறேன்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். இப்படிப் புகார் செய்ததற்காகத் தண்டிப்பதும் சட்டவிரோதமே. உட்காரும் நேரம் பற்றிய மருத்துவர் கடிதத்தைத் தனி மின்னஞ்சலில் அனுப்பி, வேலையில் அதற்கேற்ற வசதி கேளுங்கள். அது மாற்றுத்திறனாளிகள் சட்டமான ஏடிஏ-வின் கீழ் வரும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். விடுப்பில் போனவரை எந்தக் காரணத்துக்காகவும் நீக்கவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. நீங்கள் விடுப்பே எடுக்காவிட்டாலும் நீக்கியிருப்போம் என்று நிறுவனம் நிரூபித்தால் தப்பித்துவிடும். அதனால்தான் தேதிகளுக்கு இத்தனை மதிப்பு.

கொங்குப்பெண்:

மிக்க நன்றி அக்கா. மேலாளருடனான அடுத்த பேச்சைப் பதிவு செய்யலாமா? எங்கே முறையிடுவது?

மதுரைக்காரன்:

டெக்சாஸில், பேசுகிறவர்களில் ஒருவருக்குத் தெரிந்திருந்தாலே பதிவு செய்யலாம். ஆனால் நிறுவன விதி அதைத் தடை செய்கிறதா என்று முதலில் பாருங்கள். மறுமுனையில் இருப்பவர் கலிஃபோர்னியாவில் இருந்தால் கூடவே கூடாது.

வாசுகி:

விடுப்பு தொடர்பான புகாரைத் தொழிலாளர் துறையின் ஊதியம் மற்றும் வேலைநேரப் பிரிவில் கொடுக்கலாம், கட்டணம் கிடையாது. நேரடியாக வழக்குப் போட 2 ஆண்டு, நிறுவனம் தெரிந்தே மீறியிருந்தால் 3 ஆண்டு அவகாசம். ஏடிஏ புகாருக்கு அவ்வளவு காலம் இல்லை. டெக்சாஸ் மாநில வேலைவாய்ப்பு ஆணையத்துக்கு 180 நாள்தான். நல்ல வழக்கறிஞர் ஒருவரை இந்த வாரமே பாருங்கள், வேலைவாய்ப்பு வழக்குகளில் தொழிலாளர் தரப்புக்கு மட்டும் வாதாடுபவராக. வென்றால் அவருடைய நியாயமான கட்டணத்தை நிறுவனமே தர வேண்டும்.

நெல்லைச்சீமை (ஜெர்சி சிட்டி):

விசா பற்றி நான் சொல்கிறேன். பிஐபி-யால் விசா நிலை மாறாது. வேலை முடிந்தால் 60 நாள் வரை, அல்லது ஐ-94 (நாட்டில் தங்க அனுமதித்த கடைசித் தேதி உள்ள நுழைவுப் பதிவு) காலாவதியாகும் வரை, இவற்றில் எது முந்தியோ அதுவரை இங்கே இருக்கலாம். அதற்குள் வேறு நிறுவனம் உங்களுக்காக எச்-1பி மனு போட வேண்டும். இப்போதே வேலை தேடத் தொடங்குங்கள். தேடுவதால் உங்கள் புகார் பலவீனமாகாது. விடுப்புச் சட்டம் குடியுரிமை பார்ப்பதும் இல்லை. ஒரு வேளை பணம் தருகிறோம், விலகிக்கொள்ளுங்கள் என்று ஒப்பந்தத்தை நீட்டினால், அந்த மேசையிலேயே கையெழுத்திடாதீர்கள். உரிமைகளை விட்டுக்கொடுக்கிறேன் என்ற பத்தி அதில் நிச்சயம் இருக்கும். வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுப் பதில் சொல்லுங்கள்.