பழைய பெரிய வீடு வைச்சிருக்கிற ஆக்கள் கூரைக்கு என்ன செய்யிறீங்கள்?

கொட்டாஞ்சேனைக்காரி
வீட்டுக்கதை தெரிஞ்சதுதான்: நடுமுற்றம், ஏழு அறை, இருக்கிறது அம்மாவும் நானும். வீட்டு உறுதிப் பத்திரத்தில ஆறு பேர், நாலு பேர் கனடாவில. போன மழைக்கு டெங்கு பார்க்க வந்த பிஎச்ஐ, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், ஏணி கேட்டார். கூரைத் தண்ணி ஓடுற பீலிக்குள்ள கையை விட்டு, அழுகின இலையோட ஒரு பிளாஸ்டிக் லொறியை எடுத்தார். தம்பி சின்னனில மேல எறிஞ்சது. லொறிப் பெட்டி நிறையத் தண்ணி, அதுக்குள்ள புழு நெளியுது. "அது இளையவன்ர லொறி, எறிஞ்சிடாதேங்கோ ராசா" எண்டு அம்மா கெஞ்சுறா. அவர் சிரிக்கேல்ல. நோட்டீஸ் எழுதிப்போட்டுப் போயிட்டார்.

புதுக்கடையான்
பீலியை விடுங்கோ, சுவரைப் பாருங்கோ. சித்தப்பா சுண்ணாம்புச் சுவருக்கு மேல சீமெந்து பூசினவர். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளுக்குள்ள ஊறி, ஒரு ராத்திரி பூச்சு முழுக்கக் கட்டில் பக்கத்தில விழுந்தது. சீமெந்தைக் கொத்தி எடுத்து, சுண்ணாம்பை நல்லா ஊறப்போட்டு மணலோட குழைச்சுப் பூசுங்கோ. மேல எமல்ஷன் வேண்டாம், வெள்ளைச் சுண்ணாம்பே அடியுங்கோ. கூரை தாங்குற தீராந்தி மரத்தையும் தட்டிப் பாருங்கோ, கோறைச் சத்தம் கேட்டால் கறையான். மாநகர சபைக்குக் கட்டுற சோலைவரியை முழு வருசத்துக்கும் ஜனவரிக்குள்ள கட்டினால் 10 வீதம் கழிவும் இருக்கு. முதல்ல கனடாக்காரரிட்ட அற்றோர்னித் தத்துவம், அவையளுக்காக நீங்கள் கையெழுத்து வைக்கிற அதிகாரம், எடுங்கோ.

மருதானை வாடகை
வீடு உங்கட கையில எண்டாலும் இருக்கே. அப்பப்பா வாடகைக்குக் குடுத்தது, பிறகு வாடகையைக் கட்டுப்படுத்தின 1972 வாடகைச் சட்டம், இண்டைக்கும் மாதம் 48 ரூபா. ஓடு உடைஞ்சால் மட்டும் எங்களுக்குப் போன். போன முறை ஓடு மாத்துற மேசன் பாஸோட நிக்கேக்க வாடகைக்கு இருக்கிறவர் வாடகையை மேசையில வைச்சார். பாஸ் எடுத்து எண்ணி, "டீக்காசா ஐயா?" எண்டு சட்டைப்பைக்குள்ள போட்டுட்டார்.

கொம்பனித்தெரு
மேல எழுதினவருக்கு: நாங்க அந்த மாதிரி வாடகை வீட்டுல ஈக்கிற ஆக்கள். சும்மா ஈக்கல்ல. வீட்டுக்காரர் வாடகைய வாங்க மாட்டார், வாங்கினா எங்கட உரிமைய ஒத்துக்கிட்ட மாதிரியாம். வாப்பா மாசாமாசம் மாநகர சபையில கட்டி ரசீதெல்லாம் பிஸ்கட் டின்னுல போட்டு வச்சார். கூரை வளைமரம் முறிஞ்ச ராத்திரி உம்மா அந்த டின்னோட ரோட்டுக்கு ஓடி வந்துட்டா. நகை உள்ளுக்குள்ள. வளை மாத்தினதும் எங்கட காசுதான்.

கொட்டாஞ்சேனைக்காரி
புதுக்கடை அண்ணை, சுவரைப் பற்றி நான் கேக்கவே இல்லையே. பீலி துப்புரவாக்க ஏறுற ஆள் இருந்தால் சொல்லுங்கோ. லொறி சாமித்தட்டுக்குக் கீழ, குப்புறத்தான் வைச்சிருக்கிறன்.